புயல் போன பிறகு மனசுக்கு என்ன செய்வது: கடலோர ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தபோது வேதாரண்யத்தில் தொடங்கி பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஒக்கி, கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போனவர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பலருடைய உடல் கரைக்கு வரவே இல்லை. இரண்டும் புயல்தான். ஆனால் தோப்பை இழந்தவர் சுமக்கிற பாரம் வேறு, ஆள் திரும்பாத வீட்டின் பாரம் வேறு. இரண்டுக்கும் ஒரே ஆறுதலைச் சொன்னால் இரண்டு பேருக்குமே அது ஒட்டாது.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் பேச்சிலிருந்து தொடங்குகிறார்கள். தூக்கம், நம்பத்தகுந்த தகவல், கையில் தாள்கள், தொழிலுக்குத் திரும்ப ஒரு வழி, அழ ஓர் இடம் என்று வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்போதுதான் பேச்சு மனசில் இறங்கும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தாருக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஊர்ப் பெரியவர்கள், மகளிர் குழுவினர், ஆசிரியர்கள், தன்னார்வலர்களுக்கும் சேர்த்தே இதை எழுதியிருக்கிறோம்.

முதல் மூன்று நாள்: முகாமில்

இந்த 72 மணி நேரத்தில் பெரும்பாலோருக்கு வேண்டியது உலர்ந்த துணி, குடிதண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, "எங்க ஆள் எங்கே" என்ற கேள்விக்கு ஒரு பதில். இவற்றைச் செய்வதே மனசுக்கான முதல் சிகிச்சை. செய்ய வேண்டிய வரிசை:

1. ஒரு நோட்டில் தெரு வாரியாக ஆள் கணக்கு எழுதுங்கள். யார் எந்த முகாமில், யார் உறவினர் வீட்டில், யாரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்று மூன்று பகுதி போதும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை குறிப்பிட்ட நேரத்தில் எல்லோர் முன்னும் படியுங்கள். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "புதுத் தகவல் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். எப்போது தகவல் வரும் என்று தெரிந்தால்தான் நடுவில் இரண்டு மணி நேரமாவது கண் அயர முடியும்.

2. மருந்துப் பட்டியல் எடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை எல்லோரும் கேட்பார்கள். வலிப்பு மாத்திரையும் மனநல மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் கூச்சத்தால் சொல்ல மாட்டார்கள். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் சில நாளில் வலிப்போ பழைய நோயோ கடுமையாகத் திரும்பக்கூடும். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்காவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்து எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

3. தினமும் குடித்துவந்தவர்களைக் கவனியுங்கள். சாலை அடைபட்டு, கடை மூடி, இரண்டு மூன்று நாள் குடிக்காமல் இருந்தால் சிலருக்குக் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, குழப்பமாகப் பேசுவது, வலிப்பு ஆகியவை வரும். "புயல் பயத்தில் பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலை அடிக்கிற இடம் இதுதான். உயிருக்கே ஆபத்தான நிலை இது. 108-ஐ அழையுங்கள்.

4. தூங்கும் இடத்தை ஒழுங்கு செய்யுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வேட்டியோ தார்ப்பாயோ கட்டி ஒரு மூலை, கழிப்பறை வரைக்கும் வெளிச்சம், இரவு ஒன்பதரைக்கு மேல் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் இல்லை. இந்த மூன்று போதும். நிவாரணப் பொருள் வண்டி நள்ளிரவில் வந்தாலும் விநியோகத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. வானிலைச் செய்திக்கு ஒரே ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். அவர் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை நாளுக்கு இரண்டு முறை பார்த்துச் சொல்லட்டும். "இன்னொன்னு உருவாயிடுச்சாம், இதைவிடப் பெருசாம்" என்று வாட்ஸ்ஆப்பில் வருகிற குரல்பதிவு ஒரு முகாமையே இரவு முழுக்க விழிக்க வைக்கும்.

நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் தூண்டாதீர்கள். "எல்லாத்தையும் கொட்டிடுங்க, மனசு லேசாகும்" என்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. பேரிடர் நடந்த சில நாளில் ஆட்களைக் கூட்டி உட்கார வைத்து, பார்த்ததையெல்லாம் சொல்ல வைக்கும் ஒருநாள் அமர்வுகள் பின்னாளில் வரும் மனவடு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்கின்றன என்பதால் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே செயலைச் சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, வேண்டிய உதவியோடு இணைத்துவிடுவது. அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

"உயிர் தப்பிச்சீங்களே, அதுவே பெருசு", "பக்கத்து ஊரைப் பாருங்க", "எல்லாம் விதி", "நீங்க அழுதா பிள்ளைங்க என்ன ஆகும்" போன்ற வார்த்தைகள் எல்லாம் வாயை அடைப்பவை. "சாப்பிட்டீங்களா அக்கா?", "ராத்திரி கண்ண மூட முடிஞ்சுதாண்ணே?", "இன்னிக்கு எந்த வேலைக்கு ஆள் வேணும்?" என்று கேளுங்கள். நம் ஊர்களில் மனசைப் பற்றி நேராகக் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். தூக்கத்தையும் சாப்பாட்டையும் நெஞ்சுப் படபடப்பையும் பற்றிக் கேட்டால் உண்மை தானாக வரும்.

முதல் ஒரு மாதம்: உடம்பு காட்டுவது

காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே வயிற்றைக் கலக்கும். தகரக் கூரை படபடத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாப்பாடு ருசிக்காது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிப்போடும், காரணமில்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்துவிழுவார்கள், அழ வேண்டிய இடத்தில் அழுகையே வராது. புயலின் கண் கடந்த ஊர்களில் இன்னொன்றும் உண்டு. காற்று நின்று, எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்த பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது நினைவில் நிற்பதால், அமைதியே அவர்களுக்கு அச்சமாக இருக்கும். இவை எல்லாம் முதல் வாரங்களில் எதிர்பார்க்கக்கூடியவை. பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் தாமாகவே தணியத் தொடங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரிய உதவி, ஏனென்றால் "எனக்குப் பித்துப் பிடிக்குதோ" என்கிற பயம் பலருக்கு அந்த அறிகுறிகளைவிடக் கொடுமையானது.

இரவில் படபடப்பு வந்தால்: சுவரில் சாய்ந்து உட்காருங்கள். கால் பாதம் இரண்டும் தரையில் படட்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு குறையும். வேலை செய்வது அந்த நீளம்தான். ஐந்து நிமிடம் செய்யுங்கள். தலை சுற்றினால் மூச்சை மிக ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், அளவைக் குறையுங்கள். காட்சிகள் கண்முன் வந்து நின்றால் கண்ணைத் திறந்து, தெரிகிற ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள். பிறகு தொட முடிகிற நான்கு, கேட்கிற மூன்று சத்தம், இரண்டு வாசனை, வாயில் ஒரு ருசி. கடைசியாக இன்றைய தேதியையும் கிழமையையும் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சியைப் பகலில், பயம் இல்லாத நேரத்தில் இரண்டு மூன்று நாள் பழகியிருந்தால்தான் இரவில் கைகொடுக்கும். பயம் வந்த பிறகு முதன்முறையாகச் செய்து, பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மின்சாரம் இல்லாத வாரங்களில் ஏழு மணிக்கே படுத்து, பன்னிரண்டு மணிக்கு விழித்து, விடியும்வரை யோசித்துக் கிடப்பது வழக்கமாகிவிடும். கஜாவுக்குப் பிறகு பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தன. விளக்கில்லாவிட்டாலும் ஒன்பது மணிவரை திண்ணையில் நாலு பேராக உட்காருங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பகலில் அரை மணிக்கு மேல் படுக்காதீர்கள்.

தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். டயஸெபம், அல்பிரஸோலம் போன்றவை இரண்டு நாள் தூங்க வைக்கும், சில வாரத்தில் அது இல்லாமல் தூங்க முடியாத நிலைக்குக் கொண்டுபோகும். அதிர்ச்சியிலும் துக்கத்திலும் இருப்பவர்களுக்கு இவ்வகை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாராயமும் அப்படித்தான். தூங்க வைக்கும், ஆனால் மூன்று மணிக்கு எழுப்பிவிடும், கனவுகளை மோசமாக்கும். நிவாரணப் பணம் வருகிற வாரத்தில் குடியும், அதோடு வீட்டில் அடியும் கூடும் என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். பணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்பதைப் பணம் வருவதற்கு முன்பே வீட்டுப் பெண்களோடு பேசி முடிவு செய்யுங்கள். அடிபடும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

குழந்தைகள்

ஐந்து வயதுக்குட்பட்டவை இடுப்பைவிட்டு இறங்காது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பும். திட்டாதீர்கள், சில வாரத்தில் போகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் புயல் விளையாட்டு விளையாடுவார்கள்: ஒருவன் காற்று, ஒருவன் மரம், ஒருத்தி செத்துப்போனவள். பார்க்கிற பெரியவர்களுக்கு நெஞ்சு பதறும். தடுக்க வேண்டியதில்லை. பல நாளாக ஒரே முடிவில் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் நடுவில் சேர்ந்து, "இப்ப ஆம்புலன்ஸ் வந்துச்சு, தாத்தாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று கதையை நகர்த்திவிடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் பேசாமல் கைப்பேசியில் விழுந்த மரங்களையும் மிதந்த உடல்களையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பிடுங்குவதைவிட வேலை கொடுப்பது நல்லது. வாலிபர்களை ஆள் கணக்கு எடுக்க, முதியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக, சிறுவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்க விடுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் பொதுவான மருந்து பள்ளி திறப்பதுதான். பள்ளியே முகாமாக இருந்தால் ஒரு வகுப்பறையையாவது முதல் வாரத்தில் காலி செய்து தினமும் அதே இரண்டு மணி நேரம் நடத்துங்கள். பாடம்கூட வேண்டாம், மணி அடிப்பதும் வருகைப் பதிவு எடுப்பதும் போதும்.

உடல் கிடைக்காத துக்கம்

இந்த வழிகாட்டியில் மிகக் கடினமான பகுதி இது. ஆள் இறந்தார் என்று தெரிந்தால் அழலாம், பதினாறாம் நாள் வரும், ஊர் கூடும். திரும்பவில்லை என்றால் இவற்றில் எதுவும் தொடங்குவதில்லை. லட்சத்தீவில் கரையேறியிருப்பார், மகாராஷ்டிரத்தில் ஏதோ துறைமுகத்தில் இருப்பார், வேறு கப்பல் ஏற்றியிருக்கும் என்று ஒவ்வொரு தொலைபேசி மணியும் நம்பிக்கையைக் கிளப்பிவிட்டு இறக்கும். ஒக்கியில் நிஜமாகவே சிலர் அப்படி வேறு மாநிலக் கரைகளில் உயிரோடு இருந்தார்கள். அதனால் இந்தக் காத்திருப்பை மூடநம்பிக்கை என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் நம்பிக்கையை விடுவார்கள். மனைவிக்கு மனசு முடிவு செய்திருக்கும், மாமியார் "என் பிள்ளை வருவான்" என்று சோறு எடுத்து வைப்பார். இது சண்டையாக மாறும் இடம் சடங்கும் பணமும். இந்த இரண்டிலும் சில உறுதியான வழிமுறைகள் வேண்டும்.

தாலியைக் கழற்றுவது, பொட்டும் பூவும் எடுப்பது பற்றி எந்த உறவினரும் அந்தப் பெண்ணிடம் தேதி குறிக்கக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தாரோ பங்குத்தந்தையோ ஜமாஅத்தோ இதை ஊருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் "இன்னும் பூ வச்சிருக்கா பாரு" என்ற பேச்சும், கழற்றினால் "அதுக்குள்ள கழட்டிட்டா" என்ற பேச்சும் அவளைத்தான் வந்து சேரும்.

உடல் இல்லாமலும் விடைகொடுக்க எல்லா மரபிலும் வழி உண்டு. தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் வழக்கம் இருக்கிறது. கத்தோலிக்க ஊர்களில் உடல் இல்லாத இரங்கல் திருப்பலி நடக்கிறது. இஸ்லாமியர்கள் மறைவான ஜனாஸா தொழுகை பற்றித் தங்கள் ஆலிமிடம் கேட்கலாம். வீட்டில் எல்லோரும் தயாரான பிறகு செய்யுங்கள். ஒருவர் தயாரில்லை என்றால் அதற்குமுன் ஒரு விளக்கேற்றல், ஒரு செபம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், "இது முடிவு அல்ல, நினைவு" என்று சொல்லியே செய்யுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறைக்கு மெழுகுவத்தியோடு போகும்போது இவர்களுக்குப் போக இடமிருக்காது. பெயர்கள் பொறித்த ஒரு கல்லைக் கல்லறைத் தோட்டத்திலோ கடற்கரையிலோ ஊராக நிறுவுவது அதனால்தான் அவசியமாகிறது. பெயரை எழுதுமுன் ஒவ்வொரு குடும்பத்திடமும் சம்மதம் கேளுங்கள்.

சட்டப்படி ஒருவர் ஏழு ஆண்டு தகவலின்றிப் போனால்தான் இறந்ததாகக் கருதப்படுவார். 2004 சுனாமிக்குப் பிறகும் ஒக்கிக்குப் பிறகும் அரசு தனி நடைமுறை மூலம் இந்தக் காத்திருப்பைக் குறைத்தது. காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகாரின் நகல், மீன்வளத் துறையின் பதிவு, கூடப் போனவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்து வைத்தால் பின்னால் அலைச்சல் குறையும். இறப்புச் சான்றிதழில் கையெழுத்திடுவது அவரைக் கொல்வதுபோல் பல பெண்களுக்குத் தோன்றும். "பிள்ளைகளின் சாப்பாட்டுக்கான தாள் இது. நீங்கள் நம்புவதை நிறுத்தச் சொல்லும் தாள் இல்லை" என்று அவர்களிடம் சொல்லலாம். நிவாரணத் தொகையில் மனைவிக்கும் பெற்றோருக்கும் தகராறு வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகப் பேசித் தீர்க்கும், எண் 15100.

குழந்தையிடம் "அப்பா வெளிநாடு போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். தெரு சொல்லிவிடும், அதற்குப் பிறகு அந்தக் குழந்தை உங்களையும் நம்பாது. இப்படிச் சொல்லலாம்: "அப்பா போன படகு இன்னும் வரல. தேடினாங்க. இறந்திருக்கலாம்னு பெரியவங்க நினைக்கிறாங்க. எது தெரிஞ்சாலும் முதல்ல உனக்குச் சொல்லுவேன்."

மரம், படகு, கடன்

கஜாவில் விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. தாத்தா வைத்து, அப்பா தண்ணீர் ஊற்றி, பெண்ணின் கல்யாணத்தை நடத்திக் கொடுத்த மரத்தை அந்தத் தொகை ஈடுசெய்யாது. "மரம்தானே, வேற வைக்கலாம்" என்று சொல்லாதீர்கள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு ஆண்டு, குட்டை ரகத்துக்கு மூன்று நான்கு ஆண்டு. அறுபது வயதுக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இது துக்க வீடு. ஊர்க்காரர்கள் வந்து உட்கார வேண்டிய வீடு.

விழுந்து கிடக்கும் தோப்பைத் தினமும் தனியாகப் போய்ப் பார்ப்பது ஆளைக் கரைத்துவிடும். முதலில் சர்வே எண்ணோடும் மர எண்ணிக்கையோடும் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவாகும்வரை மரத்தை அகற்றாதீர்கள். அதன் பிறகு ஐந்தாறு குடும்பமாகச் சேர்ந்து, ஒரு நாள் ஒருவர் தோப்பு என்று முறை வைத்து அகற்றுங்கள். கன்று வைத்த கையோடு உளுந்தோ கடலையோ ஊடுபயிராகப் போடுங்கள். மூன்று மாதத்தில் அறுக்கக்கூடிய ஒன்று கண்ணில் பட வேண்டும்.

கடலுக்குத் திரும்ப முடியாதவர்களுக்குப் படிப்படியான வழி உண்டு. முதலில் காலையில் துணையோடு கரையில் அரை மணி. அடுத்து கரையிலேயே வலை பின்னும் வேலை. அடுத்து நிறுத்திய படகில் ஏறி என்ஜினை ஓட்டிப் பார்ப்பது. பிறகு நல்ல வானிலையில், கரை தெரியும் தூரத்தில், நம்பிக்கையான ஆட்களோடு ஒரு மணி நேரம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு பாதியாகக் குறையும்வரை இருந்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் அடுத்த முறை பயம் கூடும். கடன் நெருக்குகிறது என்று முதல் நாளே ஆழ்கடலுக்குப் போவது ஆபத்து, கைநடுங்கும் ஆள் படகில் மற்றவர்களுக்கும் ஆபத்து.

ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, சிட்டா, படகுப் பதிவு, மீனவர் நலவாரிய அட்டை ஆகியவற்றில் எது இருக்கிறது, எது போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அலுவலகம், ஒரு வேலை. அதிர்ச்சியில் இருக்கும் மூளை மறக்கும், அதனால் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். வட்டிக்குப் புதுக் கடன், நிலம் விற்பது, ஊரைவிட்டுப் போவது போன்ற பெரிய முடிவுகளை முடிந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

"நான் இருந்து என்ன", "என்னோட போகட்டும்" என்று பேசுவது, கடனையெல்லாம் திடீரென்று தீர்த்துக் கொடுப்பது, பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, பல நாள் கலக்கத்துக்குப் பின் காரணமில்லாமல் அமைதியாவது கண்டால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாண்ணே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அன்றே வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். இந்த ஒரு செயல் பல உயிர்களைக் காத்திருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் தமிழில் பேசும், கட்டணம் இல்லை. முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்று மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்குகிறது.

எப்போது மருத்துவர்

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, காட்சிகள் திரும்புவது, அந்த இடத்தையே தவிர்ப்பது, எந்நேரமும் விழிப்பு ஆகியவை குறையாமல் வேலையும் குடும்பமும் கெட்டால் போக வேண்டும். சாகும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, நான்கு நாளாகச் சாப்பாடும் தூக்கமும் சுத்தமாக இல்லாதது போன்றவற்றுக்கு ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், குறிப்பிட்ட நாள்களில் வட்ட மருத்துவமனைகளிலும் பார்ப்பார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு உண்டு. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாகும். முதல் வாரத்தில் வயிற்றுக் குமட்டல் வரலாம். "ஒரு வாரம் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவதும், நன்றாகத் தூக்கம் வந்ததும் தானாக நிறுத்துவதும்தான் மறுபடி விழ முக்கியக் காரணங்கள்.

உதவிக்கு நிற்பவர்கள்

உள்ளூர்த் தன்னார்வலரும் வீடு இழந்தவர்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், உடல்களைத் தூக்கிய ஆட்களை மறுநாள் வேறு வேலைக்கு மாற்றுங்கள். வெளியூர்க்காரர்கள் ஒரு வாக்குறுதியும் தராதீர்கள், அழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

அடுத்த ஐப்பசி

ஆறியதுபோல் இருந்த மனசு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கலங்கும். தேதி நினைவில் இல்லாவிட்டாலும் ஈரக்காற்று நினைவூட்டும். இது பழைய நிலைக்குத் திரும்புவது அல்ல, சில வாரத்தில் தணியும். அந்த நாளை ஊராக நினைவுகூர ஏற்பாடு செய்துவிட்டால் ஆளாளுக்குத் தனியாகத் தவிக்க வேண்டியிருக்காது.

துறைமுகக் கூண்டு எண்களைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒன்றும் இரண்டும் தூரக்கடலில் உருவானதைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பவை. ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பேராபத்து, பதினொன்று தகவல் தொடர்பு அறுந்தது. ஒன்றாம் எண் கூண்டுக்கும் பத்தாம் எண் கூண்டுக்கும் ஒரே அளவு பயப்படுவதை இந்த அறிவு குறைக்கும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை குடும்பமாக உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த எண் ஏறினால் கிளம்புவது, எந்தப் புயல் பாதுகாப்பு மையம், தாள்களும் மருந்தும் எந்தப் பையில், ஆச்சியை யார் கூட்டிப்போவது. முதியவர்கள் கிளம்ப மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆடு மாடுதான். அவற்றை எந்த மேட்டு நிலத்தில் யார் பொறுப்பில் கட்டுவது என்பதை முதல் வரியாக எழுதினால், மற்ற வரிகளுக்கு அவர்கள் தாமாகவே ஒத்துக்கொள்வார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ அந்தத் தாளின் மேலே பெரிதாக எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.